தைப்பூச அன்னதானமும் நனைந்த குப்பையும்

மொரீஷியஸ் தீவில் குப்பையைப் புதைப்பதற்கென்று முறையாக அமைக்கப்பட்ட நிலம் ஒன்றே ஒன்றுதான். தென்கிழக்கே கிராண்ட் போர்ட் மாவட்டத்தில் உள்ள மார் சிக்கோஸ் என்னும் அந்த இடம் 1997ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ரோஷ் புவா, சேன் மார்த்தேன், லா பிராஸ்ரி, லா லோரா, பூத்ர தோர் ஆகிய ஐந்து இடைநிலையங்களில் சேரும் குப்பை பெரிய லாரிகளில் அங்கே போகிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன்னுக்கும் மேல் சேருவதால், பக்கவாட்டில் இடமின்றி அந்த மேடு உயர்ந்துகொண்டே போகிறது. அதன் அருகில் குடியிருந்த குடும்பங்கள் நாற்றத்தின் காரணமாக வேறிடத்துக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டு வாசலிலிருந்து லாரி எடுத்துச் சென்றுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதற்கு இவ்வளவு சிறிய தீவில் இடமில்லை.

அந்தக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது அழுகக்கூடியது: காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தோட்டத்து இலை தழைகள். காற்றுப் புகாத ஆழத்தில் இவை அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மார் சிக்கோஸில் அந்த வாயுவைக் குழாய்களில் சேர்த்து 2011 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனாலும் எந்தக் குப்பை மேட்டிலும் வாயு முழுவதும் குழாய்க்குள் வந்துவிடுவதில்லை. மேட்டின் அடியில் வடியும் கறுத்த நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் செலவு வேறு இருக்கிறது. இதைவிட அன்றாடம் நம் கண்ணுக்குத் தெரியும் கேடு ஒன்று உண்டு. நனைந்த குப்பை தான் தொட்டதையெல்லாம் கெடுத்துவிடும். ரசம் ஊறிய அட்டைப்பெட்டியையும் பருப்பு ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலையும் மறுசுழற்சிக்கு எடுப்பவர் எவரும் விரும்பி ஏற்கமாட்டார். கோவில் மடைப்பள்ளியில் பல ஆண்டுகள் தொண்டு செய்ததில் எனக்குத் தெளிவான முடிவு இதுதான்: மறுசுழற்சியைப் பற்றிப் பேசும் முன் நனைந்ததையும் உலர்ந்ததையும் பிரித்தாக வேண்டும். அதைச் செய்துவிட்டால் மற்ற வேலைகள் பெரும்பாலும் எளிதாகிவிடுகின்றன.

எங்கள் கோவில் மத்திய மேட்டுநிலத்தில், கரும்புத் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதமிருந்து, ஆற்றங்கரையில் அலகு குத்தி, பூவாலும் ஓலையாலும் அலங்கரித்த காவடியைச் சுமந்து வரும் அடியார்களுடன் உறவினரும் அயலாரும் பிற சமயத்தவரும் திரளாக வருவார்கள். வழிபாடு முடிந்ததும் வாழை இலையில் சோறும் ஏழு கறியும் ரசமும் பாயசமும் பரிமாறுவோம். ஆண்டு முழுவதும் கோவிலில் சேரும் குப்பையில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில் சேர்ந்துவிடும். அதுவும் தை மாதம் எங்களுக்குக் கடும் கோடை. புயலும் பெருமழையும் வரும் பருவம். காலையில் கட்டிய சாக்கு மாலைக்குள் புளித்து நாறத் தொடங்கும்.

ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள், கோவிலின் பின்புறம் தார்ப்பாய் விரித்து, கட்டிவைத்த சாக்குகளை அவிழ்த்துக் கொட்டி, கையுறை அணிந்து வகைவகையாகப் பிரித்துப் பார்த்தோம். இளைஞர்கள் சிலர் முகம் சுளித்தாலும் ஒருவரும் விலகிப் போகவில்லை. பிளாஸ்டிக் பாட்டில்தான் எங்கள் பெரிய சிக்கல் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். பார்வைக்கு இடத்தை அடைத்தது அதுதான். எடையில் பார்த்தால் நிலைமை வேறாக இருந்தது. எச்சில் இலையும் மிஞ்சிய உணவும் முதலில் நின்றன. அடுத்து பூசணித் தோல், பலாக்காய்ச் சக்கை, வாழைக்காய்த் தோல் எனச் சமையலில் கழிந்தவை. அதன்பின் மாலைகளும் உடைத்த தேங்காயின் மட்டையும் சிரட்டையும். பாட்டில், பால் அட்டைப்பெட்டி, கற்பூர உறை, காகிதக் குவளை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் எடையில் சிறு பங்குதான். எந்தக் கோவிலானாலும் மண்டபமானாலும், தொட்டி வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. அழகிய வண்ணத் தொட்டிகளை வாங்கி வரிசையாக வைத்துவிட்டு, பெருங்குப்பை எதுவென்று அறியாமல் இருப்பதில் பயன் இல்லை.

பிரிப்பது பந்தியிலேயே நடக்க வேண்டும். எல்லாம் ஒரே சாக்கில் விழுந்த பிறகு அதைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. வந்தாலும் பாதிப் பொருள் அதற்குள் கெட்டிருக்கும். ஆகவே பந்தி எழுந்ததும் இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் செல்லும் முறையை வைத்தோம். முதலில் செல்பவர் குவளை, பாட்டில், காகிதம் ஆகிய உலர்ந்தவற்றை மட்டும் கூடையில் எடுப்பார். பின்னால் வருபவர் இலையைச் சுருட்டி மூடியுள்ள வாளியில் போடுவார். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இலையை முதலில் சுருட்டினால் அதற்குள் பாட்டில் மூடியும் காகிதமும் போய்விடும். பிறகு எருவில் அவற்றைப் பொறுக்கி எடுக்க நேரிடும். சிந்திய சோற்றையும் குழம்பையும் வழித்தெடுக்க இன்னொருவர் துடைப்பத்துடன் நிற்பார்.

பந்திக்கு வெளியே வைக்கும் தொட்டிகளுக்கு எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். பள்ளியில் படித்த தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள். ஆகவே இரு மொழியிலும் எழுதி, அதற்கு மேலே இலையும் பாட்டிலுமாகப் படம் ஒட்டினோம். அதைவிடப் பலன் தந்தது, தொட்டி அருகே ஒரு பிள்ளையை நிறுத்தியதுதான். "பெரியம்மா, இலை இந்தப் பக்கம்" என்று பத்து வயதுச் சிறுமி சொல்லும்போது மறுத்துப் பேசுபவர் இல்லை. இரு தொட்டிகளையும் எப்போதும் அருகருகே வையுங்கள். ஒன்று மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எல்லாம் அதிலேயே விழும்.

பூக்களைப் பற்றி எங்கள் குருக்கள் முதலிலேயே ஒரு நிபந்தனை வைத்தார். "அம்மா, சுவாமிக்குச் சாத்திய பூவையும் எச்சில் இலையையும் ஒரே குவியலில் சேர்க்க வேண்டாம்" என்றார். அது நியாயமான சொல். நிர்மால்யத்தைக் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். முன்பு அதை ஆற்றில் விட்டார்கள். இப்போதைய மாலைகளில் நைலான் நூலும் சரிகைத் தாளும் இருப்பதால் ஆற்றில் விடுவது அந்த வழக்கத்தின் நோக்கத்துக்கே எதிரானது. ஆகவே இரண்டு குவியல்கள் வைத்தோம். நிர்மாலியக் குவியலில் விளையும் எரு நந்தவனத்துக்குப் போகிறது. அங்கே பூக்கும் செம்பருத்தியும் அரளியும் மீண்டும் பூசைக்கு வருகின்றன. எச்சில் இலைக் குவியலின் எரு மதிலுக்கு அப்பால் உள்ள வாழைகளுக்கு. இந்தப் பிரிவினைக்கு ஆன கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. அதனால் கிடைத்த ஆதரவோ பெரிது. முதியவர்கள் தாமாகவே நைலான் நூலை அறுத்துவிட்டுப் பூவைக் கொண்டுவந்து தரத் தொடங்கினார்கள். பூ விற்பவர்களிடம் வாழைநாரில் கட்டித் தருமாறு கேட்கும் வழக்கமும் அதிலிருந்து வந்தது.

எரு தயாரிப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலர் ஆர்வத்துடன் தொடங்கி, நாற்றம் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தீவின் மண் எரிமலைக் கல் நிறைந்தது. குழி தோண்டுவது கடினம், தோண்டினாலும் மழையில் நீர் தேங்கும். ஆகவே தரைக்கு மேலே குவியலாகப் போடுவதே நல்லது. அடியில் கருங்கற்களைப் பரப்பி, அதன்மேல் மரக்கிளைகளையும் தேங்காய் மட்டையையும் ஒரு முழ உயரத்துக்கு அடுக்குகிறோம். காற்று கீழிருந்து நுழையும், நீர் வடிந்துவிடும். அதன்மேல் நனைந்த குப்பை ஒரு பங்கு, காய்ந்த பொருள் இரண்டு அல்லது மூன்று பங்கு என மாறிமாறிப் போட வேண்டும். காய்ந்த பொருளுக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை: அறுவடை முடிந்த வயல்களில் கரும்புச் சோகை கிடக்கிறது. கரும்பு வெட்டு ஜூன் முதல் டிசம்பர் வரை நடப்பதால், தோட்டக்காரரிடம் கேட்டு, டிசம்பருக்குள் சோகையைக் கட்டுகளாகக் கட்டிக் கூரையின் கீழ் சேர்த்துவைத்துவிட வேண்டும். தைப்பூசத்தன்று தேடினால் கிடைப்பது மழையில் நனைந்த சோகைதான்.

நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு வேண்டும் என்பது எரு தயாரிப்பின் அடிப்படைக் கணக்கு. சோறும் காய்கறியும் நைட்ரஜன் மிகுந்தவை. சோகை கரிமம் மிகுந்தது. குவியல் நாறினால் சோகை போதவில்லை அல்லது ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். பல வாரமாகியும் சூடேறாமல் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சைக் குப்பையோ குறைவு என்று பொருள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நன்றாக அமைந்த குவியலின் நடுவே வெப்பம் 55 பாகை செல்சியஸைத் தாண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் அழியும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். வாழை இலையின் நடுநரம்பு மெதுவாக மக்குவதால் அதை அரிவாளால் துண்டாக்கிப் போடுகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் தார்ப்பாய் மூடி, கற்களை வைத்து அழுத்திவிடுவோம். எலி வராமல் பக்கங்களில் நெருக்கமான கம்பி வலை அடிப்பது கட்டாயம். மலையடிவாரக் கோவில்களில் குரங்குகளும் வரும் என்பதால் மேலேயும் வலை வேண்டும். சிரட்டை எளிதில் மக்காது. அதைக் காயவைத்து அடுப்புக்குப் பயன்படுத்துகிறோம்.

"மக்கும் தட்டு" என்று விற்கப்படுவதை நம்பி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளாஸ்டிக் பைகளுக்கு 2016 ஜனவரி 1 முதலும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்கு 2021 ஜனவரி 15 முதலும் இங்கே தடை வந்தது. நல்ல சட்டம், கோவில் விழாக்களின் தோற்றத்தையே அது மாற்றியது. அந்த இடத்தை நிரப்ப வந்த மாற்றுப் பொருள்களில் சில, சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக். அது மக்குவதற்கு ஆலைகளில் இருப்பதுபோல் இடைவிடாத உயர் வெப்பம் தேவை. எங்கள் குவியலில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. தாவரப் பொருளாலான தட்டு வேண்டுமென்றால் பாக்கு மட்டை, கரும்புச் சக்கை போன்றவற்றை மெழுகோ பிளாஸ்டிக் பூச்சோ இல்லாமல் வாங்குங்கள். என் மனத்துக்கு வாழை இலையை மிஞ்சியது எதுவும் இல்லை. புயல் இலைகளைக் கிழித்துவிடும் ஆண்டுகளுக்காக எவர்சில்வர் தட்டுகள் சேர்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்க் கோவில்களும் அவற்றை இரவல் வாங்கிக்கொள்கின்றன.

தண்ணீருக்கும் பானகத்துக்கும் எவர்சில்வர் டம்ளர்தான். கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. மழை பிந்தும் ஆண்டுகளில் மார் ஓ வாக்குவா நீர்த்தேக்கமே வற்றி, வீடுகளுக்கு நீர் விடும் நேரம் குறைக்கப்படுவதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்பது சரியே. ஓடும் குழாயில் கழுவினால் நீர் வீணாகும். மூன்று அண்டாக்கள் வைத்து, முதலாவதில் அலசி, இரண்டாவதில் சோப்பு நீரில் தேய்த்து, மூன்றாவதில் கொதித்த நீரில் முக்கி எடுத்தால் சிறிதளவு நீரே போதும். முதல் அண்டா நீர் வாழைக்குப் போகும்.

மிஞ்சும் உணவைக் குறைப்பது எருவாக்குவதைவிட மேலானது; விளைவித்தவர் உழைப்பும் சமைத்தவர் உழைப்பும் விறகும் எரிவாயுவும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஏழு கறி இருக்கும் விருந்தில் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். அதைக்கொண்டு கணக்கிட்டு, மொத்தச் சோற்றையும் விடியற்காலையில் வடித்துவிடாமல் பந்திக்குப் பந்தி உலை வைக்கிறோம். கடைசிப் பந்தியின் அளவை, வெளியே காத்திருப்பவர்களை எண்ணிய பிறகே முடிவு செய்வோம். பரிமாறுபவர்களுக்குச் சிறிய கரண்டி கொடுத்து, கேட்டால் மறுபடியும் இடச் சொன்னோம். இலையில் மிஞ்சுவது கண்கூடாகக் குறைந்தது. தொடாமல் பாத்திரத்தில் மிஞ்சுவதை உடனே வழங்கிவிட வேண்டும். தை மாத வெயிலில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பது ஆபத்து; 60 பாகைக்கு மேல் சூடாக வைத்திருந்தால்தான் பாதுகாப்பு. ஃபுட்வைஸ் போன்ற அமைப்புகள் இங்கே உபரி உணவைத் தேவைப்படுவோரிடம் சேர்க்கின்றன. விழாவுக்கு முன்பே பேசி ஏற்பாடு செய்தால்தான் அது நடக்கும். மிஞ்சிய பிறகு தொலைபேசியைத் தேடுவதால் பயனில்லை.

அபிஷேகப் பால் எளிதில் தீராத விஷயம். பாற்குடங்கள் நூற்றுக்கணக்கில் வரும் நாளில் அத்தனையும் கோமுகி வழியாக வடிகாலில் இறங்கி ஓடைக்குப் போனால், அங்குள்ள மீன்களுக்கு அது கொடிய பொருளாகிவிடும். பால் சிதையும்போது நீரிலுள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்ளும் அளவு, வீட்டுக் கழிவுநீரைவிட நூறு மடங்குக்கும் அதிகம். ஒவ்வொரு குடத்திலிருந்தும் சிறிதளவு சுவாமிக்கு அபிஷேகம் செய்து, மீதியைத் தூய பாத்திரத்தில் வாங்கிக் காய்ச்சிப் பிரசாதமாகத் தருவதற்குக் குருக்களும் நிர்வாகமும் இசைந்தார்கள். குடத்தைச் சுமந்தவரின் நேர்த்திக்கடன் அதனால் குறைவதில்லை என்று குருக்கள் மேடையில் விளக்கிச் சொன்னது முக்கியம். தொண்டர்கள் சொல்லியிருந்தால் மனத்தாங்கல் வந்திருக்கும். அபிஷேக நீரைத் தொட்டியில் பிடித்து, பத்து மடங்கு நீர் கலந்து, தோட்டத்தில் பரவலாக ஊற்றுகிறோம். பால் அட்டைப்பெட்டிகளை மட்டும் இன்னும் எங்களால் தவிர்க்க முடியவில்லை. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அந்தப் பெட்டியைப் பிரித்தெடுப்பது எளிதன்று. பெரிய அளவில் வாங்கி எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறோம்; அலசிக் காயவைத்தவற்றில் கொஞ்சம் நாற்றுப் பைகளாகின்றன.

உலர்ந்த குப்பையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஏனென்றால் நனைந்தது விலகியதும் அது நாற்றமில்லாத, அவசரமில்லாத வேலையாகிவிட்டது. பாட்டில்களை அலசி, நசுக்கி, மூடியைத் தனியே எடுத்து, சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோகிறோம். அவை துண்டாக்கப்பட்டுப் பெரும்பாலும் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகின்றன என்பதை நினைவில் வைத்தால், பாட்டிலே வாங்காமல் மண்பானையும் பெரிய தண்ணீர்க் கலனும் வைப்பதுதான் சிறந்தது என்பது புரியும். அட்டைப்பெட்டி நனையாமல் இருந்தால் எடுப்பார்கள். தேய்ந்த அலுமினியப் பாத்திரமும் செம்புக் கம்பியும் பழைய இரும்புக்காரரிடம் போகும்.

ஆற்றங்கரையை மறந்துவிடக் கூடாது. காவடி புறப்படும் இடத்தில் எலுமிச்சம் பழம், கற்பூர உறை, ஊசி சுற்றிய தாள், பாட்டில் எல்லாம் கிடக்கும். கோவில் வளாகத்தைத் துப்புரவாக வைத்துக்கொண்டு கரையை அப்படியே விட்டு வருவது எனக்கு எப்போதும் வேதனை தந்திருக்கிறது. 2005, 2006 ஆண்டுகளில் சிக்குன்குனியா இந்தத் தீவை வாட்டியதை அனுபவித்தவர்கள் நாம். அதைப் பரப்பும் கொசுவுக்கு ஒரு பாட்டில் மூடியில் தேங்கும் நீரே போதும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் உயிரிழந்தார்கள். அன்று பெய்தது அசாதாரண மழை; ஆனாலும் அடைபட்ட வடிகால் எந்த மழையின் கேட்டையும் கூட்டும். இப்போது ஒவ்வொரு காவடிக் குடும்பத்துக்கும் விரதத் தொடக்கத்திலேயே ஒரு துணிப்பை கொடுத்துவிடுகிறோம். கரையில் சேர்வது அதில் விழுந்து கோவிலுக்கு வந்துசேர்கிறது. ஊசிகளும் அலகுகளும் மூடியுள்ள தனித் தகர டப்பாவில் போக வேண்டும்; துப்புரவு செய்பவரின் கையில் குத்தினால் அதற்குப் பரிகாரம் கிடையாது. காவடி அலங்காரத்தில் மினுமினுப்புத் தாளும் தெர்மாகோலும் வேண்டாம், தென்னங்குருத்தும் பூவும் மயில்தோகையும் போதும் என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் இசைந்தார்கள். குருத்து பின்னத் தெரிந்த ஐயா ஒருவர் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத் தருகிறார்.

இதைத் தங்கள் கோவிலில் தொடங்க விரும்புகிறவர்கள் தைப்பூசத்தில் தொடங்க வேண்டாம். கூட்டமும் அவசரமும் மிகுந்த நாளில் புதிய பழக்கம் ஊன்றாது. புரட்டாசிச் சனிக்கிழமைகள் அதற்கு ஏற்றவை. இலை போடுவோம், கூட்டம் அளவாக இருக்கும், வாரம் ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதால் தொண்டர்களுக்குக் கை பழகும். கரும்பு வெட்டும் அப்போது நடந்துகொண்டிருப்பதால் காய்ந்த சோகை உடனே கிடைக்கும். முதல் சனிக்கிழமைக்கு மூடியுள்ள வாளிகள், இரண்டு கூடைகள், ஒரு கட்டுச் சோகை, ஒரு மண்வெட்டி, கிளறும் பொறுப்பை ஏற்கும் ஒருவர் ஆகியவை இருந்தால் போதும். அந்த ஒருவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது நல்லது. பொறுப்பாளர் இல்லாத குவியல் மூன்றாம் வாரமே கைவிடப்படும். அன்று தொடங்கிய குவியல் தை பிறக்கும் முன் எருவாகியிருக்கும்; பூசத்தன்று சேருவதற்கு அந்த இடம் காலியாகவும் கிடைக்கும்.